பின்னச்சின் பற்கள்: கொங்கு நாட்டின் எழுதப்படாத ஒரு பக்கம்

‘அச்சு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. மயிலிறகு போன்ற மெல்லிய பொருளேயானாலும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு இற்றுப் போகும் என்பதை வள்ளுவர் வலியறிதலில் சொல்லி வைத்தார். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகர் தம் வண்டியின் கீழே கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். பாரம் தாங்குவது அச்சு, அது முறியக்கூடியது, முறிந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று வேண்டும் என்கிற மூன்று செய்திகளையும் நம் புலவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அந்த மாற்று அச்சைச் செதுக்கிய தச்சன் யார், அதை வழியில் மாட்டியவன் யார் என்பதைப் பாடல்கள் சொல்வதில்லை. உவமை நிலைத்தது, கை மறைந்தது.

கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றைப் படிக்கும்தோறும் நமக்கு இந்த எண்ணமே எழுகிறது. கொங்கு வழிகளின் நாடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் வாயில் திறந்திருப்பதனால் கீழைக் கரையும் மேலைக் கரையும் இங்கேதான் கைகோத்தன. கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் வெட்டப்பட்ட கல்வெட்டு ‘இராசகேசரிப் பெருவழி’யைப் பெயர் சுட்டிப் பேசுகிறது. வண்டித் தடங்கள் சாலைகளாயின. 1910இல் லட்சுமி மில் தோன்றிற்று. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்குப் பின்னே பட்டறைகள் பெருகின. இவ்வளவும் நூல்களில் உள்ளன; ஆனால் பெரும்பாலும் நிறுவியவர்களின் வாழ்க்கையாக உள்ளன. பட்டறைக்காரனின் அறிவு எப்படி உருவாயிற்று, எப்படிக் கைமாறிற்று என்பது அவற்றில் மிக அருகியே காணப்படுகிறது.

எனவே ஒரு சிறு வேலையை எடுத்துக்கொண்டு அதன் வழியே இவ்வரலாற்றைப் பார்க்க விரும்புகிறோம். பழைய விரைவுக் கார் ஒன்றின் பின்னச்சில் உள்ள பல்சக்கரங்களை மாற்றுவதே அவ்வேலை. பட்டறை மொழியில் சொன்னால் ‘கிரவுன் பினியன் மாத்துறது’.

அதன் இயல்பை முதலில் விளக்கிவிடுவோம். பழைய கார்களில் எஞ்சின் முன்னே இருக்கும், உந்துவதோ பின்சக்கரங்கள். எஞ்சினின் சுழற்சி கியர்பெட்டியைக் கடந்து, வண்டியின் நடுவே நீண்டோடும் தண்டின் வழியாகப் பின்னச்சை அடைகிறது. அங்கே சுழற்சியின் திசை செங்கோணமாகத் திரும்ப வேண்டும். வேகம் குறைந்து விசை கூடவும் வேண்டும். இவ்விரண்டையும் செய்வன இரண்டு பல்சக்கரங்கள். சிறியது பினியன், பெரியது கிரவுன். பினியன் எத்தனை முறை சுற்றினால் கிரவுன் ஒருமுறை சுற்றும் என்பதே பின்னச்சின் விகிதம். கிரவுனோடு பிணைந்திருக்கும் டிஃபரன்ஷியல், வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற இடங்கொடுக்கிறது. இந்த டிஃபரன்ஷியல் அமைப்புக்கு 1820களின் பிற்பகுதியில் காப்புரிமை பெற்றவர் ஒனேசிஃபோர் பெக்கர் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் கடிகாரத் தொழிலிலிருந்து வந்தவர் என்பது சுவையான செய்தி. நீராவி வண்டிக்காக அவர் எண்ணியது பின்னாளில் மோட்டார் வண்டிக்கு உயிர்நாடியாயிற்று.

சாய்ந்த பற்களை வெட்டுவது எளிதன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் 1874இல் அதற்கென ஓர் இயந்திரத்தை உருவாக்கினார். நேரான பற்கள் இரைச்சலிட்டன. சுருளாக வளைந்த பற்கள் அமைதியாக ஓடின. பேக்கார்டு நிறுவனம் 1913இல் சுருட்பற்களையும், 1926இல் ‘ஹைப்பாய்டு’ என்னும் வகையையும் கார்களில் கொண்டுவந்தது. ஹைப்பாய்டில் பினியன், கிரவுனின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமர்கிறது. அதனால் தண்டு தாழ்ந்தது. தண்டு தாழ்ந்ததால் காரும் தாழ்ந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்வதால், அதற்கெனத் தனியான எண்ணெய் தேவையாயிற்று. சாதாரண எண்ணெயை ஊற்றினால் பற்கள் தேய்ந்தழியும்.

இங்கு எண்களையும் சற்றுக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காரில் 948 சி.சி. எஞ்சினோடு வந்த வண்டியின் பின்னச்சு விகிதம் 4.875, 1,147 சி.சி. எஞ்சினோடு வந்ததற்கு 4.11. முன்னதில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 39 பல். பின்னதில் 9க்கு 37. எம்.ஜி. மேக்னெட்டின் பிற்கால வடிவத்தில் 9க்கு 41, எம்.ஜி.ஏ. காரில் 10க்கு 43. இவ்விணைகள் எவற்றுக்கும் பொதுவகுத்தி இல்லை. அது தற்செயலன்று. 8க்கு 40 என்று வைத்திருந்தால் பினியனின் ஒரு பல் கிரவுனின் அதே ஐந்து பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒன்றில் குறையிருந்தால் அது மற்றதைக் குழியாக்கிவிடும். 8க்கு 39 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்புறத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்த பிறகே முதற்பல்லிடம் திரும்பும். தேய்மானம் எல்லாவற்றுக்கும் பொதுவாகிறது. ஒன்றோடொன்று உராய்ந்து பழகிய இவ்விணையைப் பிரிக்கக் கூடாது என்பது பட்டறையின் முதல் விதி. இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். கிரவுன் ஒரு வண்டியிலிருந்தும் பினியன் இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்துப் பொருத்தினால் ஓடும், ஆனால் நிலைக்காது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவையில் மோட்டார் அறிவின் தொடக்கத்தைப் பேச முற்படுவோர் ஜி.டி. நாயுடுவைத் தவிர்க்க இயலாது. 1893இல் கலங்கல் சிற்றூரில் பிறந்த அவர், உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தைக் கொண்டு வெள்ளை அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப் பார்த்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றக் காரணமானார். நான்காண்டுப் படிப்பு வீண். இரண்டாண்டில் கற்பிக்கலாம் என்று அவர் வாதிட்டதும், அரசு அதை ஏற்காததும், கல்லூரி அவர் கையைவிட்டு அகன்றதும் பலரும் அறிந்தவை. இந்த வாதத்தின் அடியில் கிடப்பது கல்வி பற்றிய ஒரு நம்பிக்கை: பிரித்துப் பார்ப்பவனுக்கே பொருள் விளங்கும் என்பது. கொங்குப் பட்டறைகளின் மறைமுகப் பாடத்திட்டம் இன்றுவரை அதுவே எனலாம்.

அந்தப் பாடத்திட்டத்துக்கு மலைகளும் ஆசிரியர்களாயின. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியபோது, கல்லாறுக்கு மேலே சக்கரங்களின் பிடிப்பு மட்டும் போதவில்லை. தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்து ஏறும்படி அமைத்தார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம் அது. சாலை வண்டிகளுக்கும் அதே கணக்குதான். வால்பாறைக்கு 40 கொண்டையூசி வளைவுகள், திம்பத்துக்கு 27. சமவெளியில் சளைக்காமல் ஓடும் பேருந்து ஆழியாறு தாண்டியதும் மூச்சு வாங்கும். பின்னச்சின் விகிதத்தைக் கூட்டினால் ஏற்றம் எளிதாகும். ஆனால் சமவெளியில் வேகம் குறையும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். இரண்டையும் ஒரே பல்லிணையில் பெற முடியாது. எந்தத் தடத்துக்கு எந்தக் கிரவுன் என்பது ஆகவே ஒரு தொழிற்கணக்காக மட்டுமின்றி நிலவியல் அறிவாகவும் இருந்தது.

ஆனால் விரைவுக்காகவே பற்களை மாற்றும் கலைக்கு வேறொரு களம் வாய்த்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைந்த விமான ஓடுதளம் போருக்குப் பின் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்களை நடத்தத் தொடங்கிற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் அமையும்வரை தென்னிந்தியப் பந்தயங்களின் தலைமைக் களம் அதுவே. கோவையிலிருந்து கார்களும் ஓட்டுநர்களும் பட்டறை ஆட்களும் அங்கே திரண்டனர்.

அக்காலம் எத்தகையது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. நாட்டில் செய்யப்பட்ட கார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை: 1957இல் வந்த அம்பாசிடர், பம்பாயில் உருவான ஃபியட், சென்னைக்கருகே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே குடும்பத்தைக் கோவிலுக்கு அழைத்துச் செல்வதற்கான வண்டிகள். மேலை நாட்டுப் பந்தயக்காரர் விலைப்பட்டியலைப் பார்த்து வேண்டிய விகிதத்தை வரவழைத்துக் கொள்வார். இங்கோ பழைய இரும்புக் கடையில் உறவுமுறை தேட வேண்டியிருந்தது. அம்பாசிடரின் முன்னோடியான மோரிஸ் ஆக்ஸ்போர்டும், எம்.ஜி. மேக்னெட்டும், எம்.ஜி.ஏ.வும் ஒரே ஆங்கிலேயக் கூட்டு நிறுவனத்தின் பிள்ளைகள். எந்த வண்டியின் வயிற்றில் எந்தப் பற்கள் இருக்கின்றன, எது எதனோடு சேரும் என்னும் வம்சாவளி, அச்சேறாத அறிவாகப் பட்டறைக்காரர்களின் மனத்தில் இருந்தது.

அந்த அறிவின் பயனை எளிய கணக்கால் காட்டலாம். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுற்ற, கடைசிக் கியரில் 4.875 விகிதம் உள்ள வண்டி மணிக்குச் சுமார் 111 கி.மீ. ஓடும். 4.11 விகிதம் உள்ள வண்டி அதே சுழற்சியில் 131 கி.மீ. ஓடும். ஆனால் 4.875 உள்ள வண்டிக்குச் சக்கரத்தில் கிடைக்கும் உந்துவிசை, எந்தக் கியரிலும் நூற்றுக்குச் சுமார் பத்தொன்பது மிகுதி. வளைவிலிருந்து பாய்ந்து வெளியேறுவது அது. நேர்தடத்தின் கடைசியில் மூச்சு முட்டுவதும் அதுவே. விமான ஓடுதளமாதலால் சோழவரத்தில் நீண்ட நேர்தடங்கள் இருந்தன. அவற்றின் முடிவில் வேகத்தை அடியோடு குறைத்தாக வேண்டிய திருப்பங்களும் இருந்தன. எதற்குப் பணிந்து எதை இழப்பது என்பதைப் பந்தயத்துக்கு முன்பே பட்டறையில் முடிவு செய்தாக வேண்டும். எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனும் கூட்டாமல் வண்டியின் குணத்தையே மாற்றும் வேலை இது.

வேலை நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். எண்ணெயை வடித்து, இரு பக்கமும் ஆக்சில் தண்டுகளை உருவி, நடுத்தண்டைக் கழற்றிய பின், கிரவுனும் பினியனும் அமர்ந்த கூட்டை வெளியே எடுக்கிறார்கள். பேரிங் மூடிகள் இடம் மாறக் கூடாது என்பதற்காகக் கழற்றும் முன்பே அடையாளக் குத்து இடுகிறார்கள். புதிய பினியனைப் பொருத்தும்போது அது எவ்வளவு ஆழம் உள்ளே அமர வேண்டும் என்பதைத் தாளினும் மெல்லிய எஃகுத் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறார்கள். அடுத்து, இரு சக்கரங்களின் பற்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி. அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஐந்தாறு பங்கு என்கிற அளவில் அது இருக்கும். இறுகினால் சூடேறிக் கருகும். தளர்ந்தால் அடிபட்டு உடையும்.

எல்லாவற்றுக்கும் மேலான சோதனை நீலச் சாயம். கிரவுனின் சில பற்களில் நீலத்தை மெல்லப் பூசி, கையால் சுற்றிப் பார்ப்பார்கள். பினியன் தொட்ட இடத்தில் சாயம் விலகி ஒரு தடம் விழும். அது பல்லின் நடுவே நீள்வட்டமாக விழுந்தால் நலம். நுனிக்கோ அடிக்கோ, உள்முனைக்கோ வெளிமுனைக்கோ ஒதுங்கினால் மீண்டும் கழற்ற வேண்டும், தகட்டை மாற்ற வேண்டும், மீண்டும் நீலம். நான்கு முறையோ ஆறு முறையோ. ஓலையில் எழுத்தை வாசிப்பது போன்ற ஒரு வாசிப்பு இது. தவறாக வாசித்தால் ஓட்டும்போது வண்டியே காட்டிக் கொடுக்கும். ‘கிரவுன் சத்தம்’ என்று பட்டறையில் சொல்லப்படும் அந்த ஊளை, விசை கொடுக்கும்போது எழுகிறதா, விசையை விடும்போது எழுகிறதா என்பதைக் கேட்டே, தவறு எங்கே என்று தேர்ந்த செவி கண்டுகொள்ளும். இவ்வளவையும் கற்றுத் தந்த நூல் ஆங்கிலத்தில் இருந்தது; கற்றவர்களுள் பலருக்கு ஆங்கிலம் இல்லை. கை கைக்குச் சொல்லி, செவி செவிக்குச் சொல்லி வந்த கல்வி இது.

இந்தக் காலத்தின் முடிவுக்கு ஏறக்குறைய ஒரு தேதியே குறிக்கலாம். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. அதன் 796 சி.சி. எஞ்சின் முன்சக்கரங்களை உந்தியது. கிரவுனும் டிஃபரன்ஷியலும் கியர்பெட்டிக்குள்ளேயே ஒடுங்கின. பின்னச்சு என்பது வெறுமனே சக்கரங்களைத் தாங்கும் கட்டையாயிற்று. பழைய அறிவு ஒரே தலைமுறையில் செல்லாக்காசாகும் நிலை.

அந்த இடத்தில்தான் கோவையின் சுந்தரம் கரிவரதன் முக்கியமாகிறார். லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். சோழவரத்தின் புகழ்பெற்ற ஓட்டுநர். அதற்கும் மேலாகக் கார்களை வடிவமைத்தவர். 1980களின் இறுதியில் அவர் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’யின் சூத்திரம் எளியது. ஊரெங்கும் கிடைக்கும் மாருதியின் எஞ்சினையும் கியர்பெட்டியையும் அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னே வைத்தார்; ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி பிறந்தது. முன்னச்சை உந்தியது பின்னச்சை உந்தலாயிற்று. உறுப்புகள் மலிவானவை, எல்லார்க்கும் ஒன்றே. இறக்குமதிச் செல்வர்களின் விளையாட்டாக இருந்தது ஓரளவேனும் விரிந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி 2005இல் ஃபார்முலா ஒன் களத்தை அடைந்த முதல் இந்தியரானார். கரிவரதன் அதைக் காணவில்லை. 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட 2.1 கி.மீ. பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர் தாங்கத் தக்கவர்தாம். எனினும் அவருடைய வண்டிகளுக்குப் பற்றவைத்த கைகள், பல் பொருத்திய கைகள் எவையென்று கேட்டால் நமக்கு விடை கிடைப்பது அரிது.

இன்று பழைய கார்களுக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது. அவிநாசி சாலையில் 2015 முதல் ஜீடி கார் அருங்காட்சியகம் இயங்குகிறது. தனியார் பலரும் ஹெரால்டுகளையும் ஃபியட்டுகளையும் மீட்டெடுக்கிறார்கள். அவர்கள் முன் ஒரு கேள்வி நிற்கிறது. 4.875 விகிதம் கொண்ட வண்டி இன்றைய நான்குவழிச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. ஓட வேண்டுமானால், மேலே சொன்ன சக்கரக் கணக்கின்படி எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 4,500 முறை சுற்ற வேண்டும். 4.11க்கு மாற்றினால் 3,800 போதும். இரைச்சல் குறையும், எஞ்சின் நீடிக்கும். (வேகமானி கியர்பெட்டியிலிருந்து ஓடுவதால், அதையும் திருத்தாவிட்டால் அது பொய் சொல்லும்.) அன்று வேகம் பிறக்கப் பல் மாற்றியவர்கள், இன்று எஞ்சின் இளைப்பாறப் பல் மாற்றுகிறார்கள். ஆனால் ‘மூலம்’ கெடலாமா என்று தூய்மைவாதிகள் கேட்கிறார்கள்.

சுவடிப் பதிப்பில் பழகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. மூலபாடத்தைக் காப்பது கடமை. ஆனால் பாடவேறுபாடும் வரலாறே. ஒரு சுவடி எந்தெந்தக் கைகள் வழியே வந்தது என்பதை அதுதான் சொல்கிறது. பந்தயத்துக்காக ஒருகாலத்தில் மாற்றப்பட்ட பற்கள் ஒரு பழைய வண்டிக்குள் இருக்குமானால், தொழிற்சாலை விகிதத்துக்குத் திருப்புகிறேன் என்று அவற்றை எடைக்குப் போடுவது, ஏட்டின் ஓரக்குறிப்பை அரம் கொண்டு தேய்ப்பதற்கு ஒப்பாகும். நம் கருத்து இது: மாற்றுவோர் மாற்றட்டும், வண்டி ஓடுவதற்கே பிறந்தது. ஆனால் கழற்றிய இணையைப் பிரிக்காமல் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எந்த வண்டி, எத்தனை பல், யார் கழற்றியது, எந்த நாள் என்றொரு சீட்டெழுதி வைக்கட்டும். ‘யார்’ என்னும் சொல்லை விட்டுவிட வேண்டாம்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில், தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள் தம் வளர்ச்சிக்கு ‘உழைப்பு’ என்னும் சொல்லையே விளக்கமாகத் தருவதைக் கவனப்படுத்தினார். கொங்கின் தற்பெருமைக் கதை அது. அக்கதையில் உழைத்து உயர்ந்தவருக்கு இடமுண்டு. உழைத்து உயராதவருக்கு இடமில்லை. நீலத் தடத்தை வாசித்த முதிய கண், ஊளையைப் பிரித்தறிந்த செவி ஆகியன அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

கொங்கு வட்டாரச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் அகராதி செய்தார். கொங்கின் கடலைக்காட்டையும் கிணற்றடியையும் நம் நாவல்கள் கண்டன. பட்டறைச் சொற்களுக்கும் அப்படியோர் அகராதி வேண்டும். பட்டறைக்காரர்களின் வாய்மொழி வரலாறு ஒலிப்பதிவாகவேனும் திரட்டப்பட வேண்டும். தமிழ்த்துறை மாணவர்க்கு ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை என்னும் குறை நீங்க, காந்திபுரத்திலோ சிங்காநல்லூரிலோ ஒரு பட்டறை வாசலில் ஒரு மாதம் உட்காரச் செய்தால் போதும். சோழவரத்துக்குப் போய் வந்த தலைமுறைக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. மாற்று அச்சைப் பாடிய ஔவை அதைச் செய்த தச்சனிடம் பெயர் கேட்டிருக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் நம்மால் கேட்க இயலாது. இவர்களிடம் கேட்க இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.